நடுப்புள்ளி ஆட்டம்

மாரண்டஹள்ளி
3-3-2025

தம்பி தீர்த்தகிரிக்கு,

அக்கா மாதம்மாள் எழுதுவது. உன் நம்பரை என் போனில் பிளாக் செய்து வைத்திருக்கிறேன், தெரிந்திருக்கும். கோபம் தீரவில்லை, திறக்கவும் மாட்டேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று மடக்கிவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் நீ வந்தபோது அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு உன் மாமாவிடம் சொன்னாயே, "அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது மாமா, எங்க வெச்சாலும் ஒண்ணுதான்" என்று. அது என் காதை விட்டுப் போகவே இல்லை. வாதம் அடித்ததில் அவளுக்கு வலது கையும் காலும் பேச்சும்தான் போயின. காது போகவில்லை. அவள் அப்போது ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போன பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. இங்கே புளி தட்டுகிறோம், வீடெல்லாம் கொட்டை. நேற்று என் மகள் காவியா உதவித்தொகைப் பரீட்சைக்குப் படிக்கிற புத்தகத்தைத் தன் ஆயா மடியிலேயே விரித்துப் போட்டுவிட்டு டியூஷனுக்கு ஓடிவிட்டாள். வரிசையாக உருவங்கள் போட்டு, அடுத்து எது வரும் என்று கேட்கிற பக்கம். நான் வந்து பார்க்கிறேன், அம்மா இடது கையால் ஒவ்வொரு உருவத்தின் மேலும் ஒரு புளியங்கொட்டையை வைத்திருக்கிறாள். வட்டத்துக்கு நட்டநடுவில். முக்கோணத்துக்குச் சற்றே கீழே இறங்கி, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. பிறைநிலாவுக்குக் கொட்டை நிலாவின் மேல் இல்லை. வெளியே, குழிவான பக்கத்தில், வெறும் தாளில் இருந்தது.

கிரி, அது நம்முடைய நடுப்புள்ளி ஆட்டம்டா. அவளுக்கு எல்லாம் புரிகிறது.

அக்கா

*

ஓசூர்
8-3-2025

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. கடைசி வரை படித்தேன், இரண்டு முறை.

நீ என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்கிறாய். இருக்கட்டும். தர்மபுரியில் டாக்டர் அம்மாவிடம் "கையைத் தூக்குங்க", "கண்ணை மூடுங்க" என்று கேட்டபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். எதற்கும் அசைவில்லை. புரிதல் இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார். நானாகச் சொன்னதல்ல.

கம்பெனியில் எனக்கு வேலையே சோதிப்பதுதான். ஒரு பாகம் ஒரு தடவை சரியாக இருந்தது என்பதற்காக லாட் முழுவதையும் பாஸ் பண்ண மாட்டோம். வட்டத்துக்கு நடுவில் யார் வேண்டுமானாலும் கொட்டையை வைப்பார்கள். பிறைக்கு வெளியே வைத்தது கை தவறியதாக இருக்கலாம். உனக்கு ஆசை, அதனால் அப்படித் தெரிகிறது.

நீ ஒற்றை ஆளாக அவளைத் தூக்கிக் கிடத்துகிறாய். உன் இடுப்பு என்ன ஆகியிருக்கிறது என்று மாமா என்னிடம் சொல்லிவிட்டார். இங்கே நான் பார்த்து வைத்திருக்கிற முதியோர் இல்லத்தில் தூக்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நர்ஸ் இருக்கிறார்கள், வீட்டிலிருந்து பத்து நிமிஷம். பங்குனி உத்திரம் முடிந்ததும் அம்மாவை அழைத்துப்போக வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. மகன் இருக்கும்போது மகள் வீட்டில் கிடக்கிறாள் என்று உன் மாமியார் பேசுவதும் நிற்கும்.

வீட்டில் மஞ்சுளா உன்னை விசாரித்தாள்.

தீர்த்தகிரி

*

மாரண்டஹள்ளி
12-3-2025

கிரி,

என் இடுப்பைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அது என்னோடுதான் இருக்கிறது. டாக்டர் கேட்டது வாதம் அடித்த மறுநாள், அவள் அரை மயக்கத்தில் கிடந்தபோது.

கை தவறியதாம்! மொரப்பூர் வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார். சுவரில் கம்பி தொங்கும், அதில் கரண்டு பில்லும் கல்யாணப் பத்திரிகையும் குத்திக் கிடக்கும். பழைய பத்திரிகையை உருவிக் கண்டபடி வெட்டுவோம். பார்த்த மாத்திரத்தில் நடுப்புள்ளி எங்கே என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு கொட்டை வைக்க வேண்டும். அப்புறம் அட்டையின் ஓரத்தை ஊசியில் குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் நூல் கட்டி, நூல் முனையில் பீரோ சாவியைக் கட்டி, நூல் நிற்கிற வழியே கோடு போடுவோம். வேறு ஓரத்தில் குத்தி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம் நடு. ரயில் போனால் சாவி ஆடும். அது நிற்கும்வரை கோடு போடக்கூடாது என்று சட்டம் போட்டவன் நீதான்.

பிறகு நீதான் ஆட்டத்தைப் பெரிதாக்கினாய். ஒரு தாளில் மூன்று உருவம். மூன்றின் நடுப்புள்ளியும் ஒரே கோட்டில் வந்தால் அந்தத் தாள் இந்தப் பக்கம், வராவிட்டால் அந்தப் பக்கம். ஓரங்களை மட்டும் வரிசையாக வைத்து வரைந்து என்னை ஏமாற்றுவாய். நான் தோற்றால் உனக்கு அவ்வளவு சந்தோஷம், ஊருக்கே கேட்கும்.

முதல் முதலாக நீ பிறை வெட்டிய அன்று சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கோடு இரண்டும் அட்டைக்கு வெளியே போய் வெட்டிக்கொண்டன. "அட்டையே இல்லாத எடத்துல எப்பிடிக்கா நடு இருக்கும்?" என்று நீ தாளைக் கிழித்தாய். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த அம்மா, நிற்கக்கூட இல்லை, போகிறபோக்கில் சொன்னாள்: "வளையலுக்கு நடு எங்க இருக்குது? கை நொழையற எடத்துலதான?" நாம் இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். ஒருநாளும் ஆட்டத்தில் சேராதவள். வேலைக்கு நடுவே இத்தனை நாளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் கை தவறிப் பிறைக்கு வெளியே வைத்தாள் என்கிறாய். உனக்குச் சோதனைதானே வேண்டும்? சோதித்துப் பார். நீயே தாள் வரைந்து அனுப்பு.

அக்கா

*

ஓசூர்
17-3-2025

அக்கா,

வளையல் விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. உன் கடிதத்தைப் படித்ததும் அந்தக் குடத்திலிருந்து தண்ணீர் தளும்பித் தரையில் விழுந்தது வரைக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வந்தால் சோதனை சரியாக நடக்காது, அதனால் அதை எடுத்து ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்.

இதோடு எட்டுத் தாள்கள் இருக்கின்றன. "இந்தப் பக்கம்", "அந்தப் பக்கம்" என்று எழுதிய இரண்டும் மாதிரி. மற்ற ஆறிலும் பின்பக்கம் எண் போட்டிருக்கிறேன். விடை என்னிடம் மட்டும்தான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஊசியில் தொங்கவிட்டு நடுப்புள்ளி எடுத்து, அந்த அட்டைகளைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்தேன். மஞ்சுளா எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைக்கிறாள்.

நீ தாள்களை அம்மாவிடம் கொடுக்கக் கூடாது. உனக்கு ஆட்டம் தெரியும். உன் முகத்தைப் பார்த்து அவள் வைத்துவிடுவாள், உனக்கே தெரியாமல். ஆட்டம் தெரியாத ஒருவர் கொடுக்கட்டும். நீ அந்த அறையிலேயே இருக்காதே. அவள் எதை எந்தப் பக்கம் வைத்தாளோ அதை அப்படியே எழுது.

சரியாக வரவில்லை என்றால் நான் சொல்கிறபடி கேட்க வேண்டும். அழக்கூடாது.

தீர்த்தகிரி

*

மாரண்டஹள்ளி
21-3-2025

கிரி,

நீ சொன்னபடியே செய்தேன். தாள் கொடுத்தது யார் தெரியுமா? என் மாமியார் கோவிந்தம்மாளேதான். இந்த உலகத்தில் நம் ஆட்டம் தெரியாதவர், அம்மாவுக்குச் சாதகமாக ஒரு விரலைக்கூட அசைக்காதவர் அவரைவிட யாரும் கிடைக்க மாட்டார்கள். "படுத்துக் கெடக்கற மனுசிக்கிட்ட சீட்டாடச் சொல்றியே, அக்காளுக்கும் தம்பிக்கும் கிறுக்கு புடிச்சிருக்குதா?" என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நான் வெளியே போய்ப் புளி தட்டினேன். ஒரு கொட்டையும் உருப்படியாக எடுக்கவில்லை, தோட்டோடு நசுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்திருந்தேன், அது பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அப்போதுதான் மாமியார் கூப்பிட்டார்.

மாதிரித் தாள் இரண்டையும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் வைத்தாராம். அம்மா ரொம்ப நேரம் ஒன்றைப் பார்ப்பாளாம், திரும்ப மற்றதைப் பார்ப்பாளாம். முதல் தாளைக் கையில் கொடுத்ததும் அதன் மேல் விரலை வைத்து வைத்து எடுத்தாளாம். பிறகு ஒரு பக்கமாகத் தள்ளினாளாம். நாலாவது தாளில் மட்டும் யோசித்தாளாம், இந்தப் பக்கம் வைத்து, திரும்ப எடுத்து, அந்தப் பக்கம் வைத்தாளாம்.

எழுதிக்கொள். ஒன்று, மூன்று, ஆறு: இந்தப் பக்கம். இரண்டு, நான்கு, ஐந்து: அந்தப் பக்கம். நான் பின்பக்கத்து எண்ணை மட்டும்தான் பார்த்தேன், உருவங்களைப் பார்க்கவில்லை.

மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னா ஆட்டம்னு எனக்குத் தெரியலடி. ஆனா சம்பந்திக்குத் தெரியுது." சொல்லிவிட்டு அம்மாவின் புடவைத் தலைப்பைச் சரி பண்ணிவிட்டார். ஐப்பசியிலிருந்து அம்மா இந்த வீட்டில் இருக்கிறாள், அவர் அவளைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

விடையைச் சீக்கிரம் எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா

*

ஓசூர்
25-3-2025

அக்கா,

ஐந்து சரி. நான்காவது தவறு.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார். நான்காவதுதான் இருப்பதிலேயே சுலபமானது. மூன்று நடுப்புள்ளியும் அளவுகோல் வைத்த மாதிரி ஒரே நேர்கோடு. சின்னப் பிள்ளைகூட அதை இந்தப் பக்கம்தான் வைக்கும். கஷ்டமானதையெல்லாம் சரியாக வைத்தவள் சுலபமானதில் ஏன் தவற வேண்டும்? தெரிந்து வைத்தால் அப்படி நடக்காது. அதுவும் எடுத்து மாற்றியிருக்கிறாள். எப்படியோ வைத்ததில் ஐந்து அமைந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கும் இது சந்தோஷமாக இல்லை. உன் கடிதத்தைப் பிரிக்கும்போது, ஆறும் சரியாக வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா, வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

உத்திரத்துக்கு மறுநாள் காரோடு வருகிறேன். அவளுடைய துணிமணிகளை எடுத்து வை.

தீர்த்தகிரி

*

மாரண்டஹள்ளி
28-3-2025

கிரி,

துணியை எடுத்து வைக்கவில்லை. உன் நாலாவது தாளை எடுத்தேன்.

நடுவில் ஒரு உருவம் போட்டிருக்கிறாயே, ஒரு பக்கம் சப்பி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு, திருப்பிப் போடும்போது மடங்கிப்போன தோசை மாதிரி, அதைக் காவியாவின் நோட்டு அட்டையில் அப்படியே பதிய வரைந்து வெட்டினேன். ஜன்னல் கம்பியில் ஊசி, நூல், சாவி. அந்த நேரம் ரயிலும் இல்லை, நூல் ஆடாமல் நின்றது. நடுப்புள்ளி எடுத்து உன் தாளில் குறித்தேன். மற்ற இரண்டையும் அதே மாதிரி வெட்டித் தொங்கவிட்டுக் குறித்தேன். அளவுகோலை வைத்தேன்.

கோடு நேராக வரவில்லைடா. நடுவில் இருப்பது ஒரு கொட்டை அகலத்துக்கு விலகி நிற்கிறது. மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

அம்மா வைத்ததுதான் சரி. தவறு உன் பக்கம். தினமும் நூறு பாகத்தைச் சோதிக்கிறவன், இதில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாய்? நீ இத்தனை கோணல்மாணலாக வெட்டுகிறவனும் இல்லையே. அந்த உருவத்தை எந்தப் பத்திரிகையில் வெட்டினாய்? அட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும். எடுத்துப் பின்பக்கம் பார்.

அக்கா

*

ஓசூர்
31-3-2025

அக்கா,

பார்த்தேன்.

நம் சென்னப்பன் மாமா பேத்தி கல்யாணப் பத்திரிகை. அதில் பித்தளைத் தகட்டில் பிள்ளையார் ஒட்டியிருந்தது. கத்தரிக்கோல் பிள்ளையாரின் கழுத்துக்கு நேராக வந்தது. சின்ன வயதில் அம்மா "சாமி தலைய வெட்டாதீங்கடா" என்று கத்துவாளே, அது கையில் இருக்கிறது போலிருக்கிறது. பிள்ளையாரை முழுசாக விட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன். அதனால்தான் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. அந்தப் பக்கமே பித்தளையும் தங்கிவிட்டது. ஊசியில் தொங்கவிட்டபோது பாரம் பிள்ளையார் பக்கம் இழுத்திருக்கிறது. நான் எடுத்தது பித்தளையும் சேர்ந்த நடு. தாளில் வெறும் உருவத்தைத்தான் வரைந்தேன். அம்மாவுக்குப் பிள்ளையார் தெரியாது, உருவம் மட்டும்தான் தெரியும். அதன் நடுவைச் சரியாகப் பார்த்திருக்கிறாள்.

ஆறும் சரி அக்கா.

மஞ்சுளா முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஒன்று மண்டையில் ஏறியது.

எல்லாம் புரிகிறது என்றால் நான் சொன்னதும் புரிந்திருக்கும். எங்க வெச்சாலும் ஒண்ணுதான். கட்டிலுக்கு ஒரு அடி தள்ளி நின்று, குரலைக்கூடத் தாழ்த்தாமல், ஒரு சாமானைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னேன். அவள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நீ எழுதினாயே, அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, புரிந்திருக்கக் கூடாது என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன். நான் நடத்தியது அவளுக்கான சோதனையே இல்லை. நான் தப்பித்துக்கொள்ள வழி தேடினேன்.

இனி எந்த முகத்தோடு வருவேன்? நீ அவளிடம் ஏதாவது சொல்லிவை. நான் வேறு அர்த்தத்தில் சொன்னேன் என்று சொல். அவளுக்குக் கேட்கும்தானே.

கிரி

*

மாரண்டஹள்ளி
3-4-2025

கிரி,

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதற்கு வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நேற்று உன் மாமா பேச்சுவாக்கில் "ஓசூரு" என்றார். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊட்டப் போனால் வாயைத் திறக்கவில்லை. என் மாமியார்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள எங்கியும் அனுப்ப மாட்டோம் சம்பந்தி, தின்னுங்க" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினார். மகள் வீட்டில் சம்பந்தி இருக்கலாமா என்று கேட்டவர்தான் இந்த மனுஷி! எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

உனக்குப் பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். வா. ஞாயிற்றுக்கிழமை வா. காரெல்லாம் வேண்டாம், பஸ்ஸில் வா. மஞ்சுளாவையும் கூட்டிவராதே, அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய்.

போனைத் திறந்துவிட்டேன். ஆனால் பேசாதே, நேரில் வா.

அக்கா

*

ஓசூர்
7-4-2025

அக்கா,

போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். உன் பெயர் வரை போய், வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று நீ எங்களை விட்டுவிட்டு வேண்டுமென்றே தோட்டத்துப் பக்கம் போனாய். நடந்ததைக் கேட்கவும் இல்லை. நானே சொல்கிறேன்.

வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். பஸ் ராயக்கோட்டை தாண்டும்போது எல்லாம் சரியாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், "அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். இடது கை மெதுவாக வந்தது. கன்னத்தைத் தொடப் போகிறாள் என்று நினைத்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். ஓங்கி ஒரு அறை விட்டாள் அக்கா. இடது கைதான், படுத்த படுக்கைதான், ஆனால் காது ங்ஙொய் என்றது. அப்புறம் என் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, பேச்சு வராத வாயால் என்னென்னவோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை. எதற்குத் திட்டுகிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. திட்டி முடித்ததும் கையை விட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கிளம்பும்வரை திரும்பவே இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துச் சீட்டுக்காரர் "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, எங்கம்மா கோவமா இருக்காங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

இல்லத்துக்குக் காலையிலேயே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் இடுப்புக்கு உதவியாக ஒரு ஆளை நான் ஏற்பாடு செய்கிறேன், அதில் வாயைத் திறக்காதே. மற்றபடி எங்கே இருக்க ஆசை என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். இப்போதைக்கு அவள் எனக்குப் பதில் சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், நான் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நல்ல வார்த்தை சொல்லி அவளைச் சமாதானப்படுத்திவிடாதே. உன் மாமியாரிடமும் சொல்லிவை. அந்தக் கோபம் என் பேருக்கு வந்தது, மிச்சத்தையும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கிரி